ஓடினை விட ஸ்காடி பொருத்தம்
இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிடித்திருந்த நார்வேயில் எதிர்ப்புப் போராளிகளுக்குப் பழைய நார்ஸ் தெய்வமான ஓடின் கைகொடுப்பதாக உங்கள் நாவல் போகிறது என்கிறீர்கள். அங்கேதான் இடிக்கிறது. ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தைக் காலரில் குத்திக்கொண்டு வந்தவர்களே நாஜிகளின் எஸ்.எஸ். படையினர்தான். பழைய தெய்வங்களைத் தங்கள் சொத்து மாதிரி கொண்டாடியதும் அந்தக் கூட்டம்தான். இதைத் தொடாமல் விட்டால் பாதிக் கதை போச்சு.

என் ஓட்டு ஸ்காடிக்கு. பனிச்சறுக்குக்கும் வேட்டைக்கும் உரிய நார்ஸ் தெய்வம் அவள். 1943 பிப்ரவரியில் நார்வேயின் வேமோர்க் ஆலையில், ஜெர்மனியின் அணு ஆராய்ச்சிக்கான கனநீர் தயாரான இடத்தில், குண்டு வைத்த நார்வே வீரர்களில் ஐந்து பேர் பனிச்சறுக்கிலேயே சுவீடன் போய்ச் சேர்ந்தார்கள். முன்பே வந்து ஹார்டாங்கர் மேட்டுநிலத்தில் காத்திருந்த நால்வரோ பாசியைத் தின்று, பிறகு கலைமான் வேட்டையாடித்தான் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினார்கள். இதற்கு மேல் மாயாஜாலம் எதற்கு?

அப்புறம், கோட்டில் பேப்பர் கிளிப் குத்தி எதிர்ப்பைக் காட்டிய சாதாரண ஜனங்கள் நாவலில் வருகிறார்களா?