உலகமே இருளாது

'2027 ஆகஸ்ட் 2 அன்று உலகம் முழுக்க ஆறு நிமிடம் இருட்டாகும், எக்ஸ்ரே பிலிம் வழியாகப் பாருங்கள்' என்று ஒருவர் பதிவு போட்டிருக்கிறார். தேதி மட்டும்தான் சரி, அன்று வருவது முழு சூரிய கிரகணம். நிலவின் முழுநிழல் சுமார் 250 கிலோமீட்டர் அகலப் பட்டையாகத் தெற்கு ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, அரேபியா வழியே ஓடும். எகிப்தின் லக்சர் அருகே அதிகபட்சம் 6 நிமிடம் 23 வினாடி சூரியன் முழுதாக மறைந்திருக்கும். பட்டைக்கு வெளியே பகுதி கிரகணம்தான், பல நாடுகளில் அதுவும் இல்லை.

எக்ஸ்ரே யோசனைதான் பயமாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அந்த பிலிம் தடுக்காது. விழித்திரைக்கு வலி தெரியாது, வெந்த பிறகே புரியும். சூரியனைப் பார்ப்பதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 12312-2 உள்ள கண்ணாடி போடுங்கள். அந்தக் கண்ணாடியோடு தொலைநோக்கிக்குள் பார்க்காதீர்கள், அதன் முன்பக்கத்தில் தனி வடிகட்டி வேண்டும். சந்திர கிரகணத்துக்கு மட்டும் வெறுங்கண் போதும்.