எந்தப் படம் என்று கேட்காமல் வாங்கிய டிக்கெட்

எந்தப் படம் என்றே சொல்லாமல் டிக்கெட் விற்க முடியும் என்று நம்பிய ஃபேபியன் ரிகாலைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். 2007ஆம் ஆண்டு லண்டனில் அவர் தொடங்கிய, படத்தின் பெயரை மறைத்துத் திரையிடும் சீக்ரெட் சினிமா நிறுவனத்தின் முதல் காட்சி, லண்டன் பிரிட்ஜ் அருகே கைவிடப்பட்ட ரயில் சுரங்கம் ஒன்றில் நடந்தது. கஸ் வான் சான்ட் இயக்கிய 'பாரனாய்டு பார்க்' என்பது வந்தவர்களுக்கு அங்கேதான் தெரிந்தது.

அவருடைய முயற்சிகளைப் பற்றிப் படித்தவற்றுள் என் மனத்தை விட்டு நீங்காதது, 2012இல் நடந்த, சிறைக்கதைப் படமான 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' திரையிடல். கிழக்கு லண்டனில் ஒரு நூலகத்துக்கு வரவழைக்கப்பட்டவர்கள், நடிகர்கள் நடத்திய நீதிமன்றத்தில் தண்டனை பெற்று, பேருந்தில் ஏற்றப்பட்டு, சிறையாக மாற்றப்பட்டிருந்த பழைய பள்ளிக் கட்டடத்தில் சொந்த உடையைக் களைந்து, கைதி உடை அணிந்த பிறகே திரையின் முன் அமர்ந்தார்கள். காவலரின் அதட்டலுக்குப் பணிந்து வரிசையில் நின்றுவிட்டு வந்த ஒருவருக்கு, சிறை முற்றத்தில் ஒலிபெருக்கி வழியே இசை பரவும் அந்தப் படத்தின் காட்சி எப்படிக் கேட்டிருக்கும்! பெயர் தெரிந்த படத்துக்கு எதிர்பார்ப்போடு போகிறோம். தெரியாத படத்துக்கு நம்மையே ஒப்படைத்துவிட்டுப் போகிறோம். அந்த ஒப்படைப்புதான் ரிகாலின் உண்மையான கண்டுபிடிப்பு என்று கருதுகிறேன்.

2014இல் 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்துக்காக லண்டன் ஒலிம்பிக் பூங்காவில், கதை நடக்கும் ஹில் வேலி என்னும் ஊரையே எழுப்பியபோது, படத்தின் பெயர் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. முதல் சில திரையிடல்கள் கடைசி நேரத்தில் ரத்தானதால் எழுந்த கோபம் முற்றிலும் நியாயமானது. அடுத்த ஆண்டு, ஸ்டார் வார்ஸ் படமான 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' நிகழ்ச்சிக்குச் சுமார் 75 பவுண்டு கொடுத்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வந்தனர். தொழிலாக அது பெருவெற்றி. ஆனால் அவ்வளவு பணம் கொடுப்பவர் என்ன படம் என்று கேட்கத்தானே செய்வார்? பிரம்மாண்டத்தின் செலவு ரகசியத்தை விழுங்கிவிட்டது என்பதே என் வருத்தம்.

அதே 2015இல், பிரான்சின் கலே துறைமுகத்தை ஒட்டிய அகதிகள் முகாமில் ஒரு திரையைக் கட்டி 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' படத்தைக் காட்டியவர்களும் சீக்ரெட் சினிமாவினரே. எனக்கு அந்த இரவுதான் பெரிது. 2022இல் நிறுவனம், டிக்கெட் விற்பனை நிறுவனமான டுடேடிக்ஸ் குழுமத்தின் கைக்குச் சென்றது. இனி அதை நடத்துவோர், ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒரு சிறிய இடத்தில், குறைந்த கட்டணத்தில், பெயர் சொல்லாமல் ஒரு படத்தைத் திரையிட வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.