எடை குறைந்து பிறந்தால் பிரஷர் வராதா?

வேலூர், குடியாத்தம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில், ‘சின்னதாகப் பிறந்த குழந்தைக்குப் பின்னாளில் பிரஷர் வராது, கர்ப்பிணி குறைவாகவே சாப்பிடட்டும்’ என்று பரவும் செய்தி தவறானது. உண்மை இதற்கு நேர்மாறானது.

சிறுநீரகத்தின் வடிகட்டிகளான நெஃப்ரான்கள் ஏறத்தாழ 36 வாரத்துக்குள் கருவிலேயே உருவாகி முடிந்துவிடுகின்றன. வளர்ச்சி தடைபட்ட சிசுவுக்கு அவை குறைவாகவே அமையக்கூடும் என்பதாலும், பிறந்த பின் புதிதாக முளைப்பதில்லை என்பதாலும், இருப்பவை கூடுதல் சுமையைத் தாங்கி, உப்பை வெளியேற்றத் திணறி, வயது ஏற ஏற ரத்த அழுத்தம் உயரும் வாய்ப்பு கூடுகிறது. பிறப்பு எடைக்கும் பின்னாளைய ரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்தில் மருத்துவ ஆய்வாளர் டேவிட் பார்க்கர் குழுவினர் 1989-இல் சுட்டினர்.

சராசரியில் ரத்த அழுத்த வேறுபாடு சிறியதே, குழந்தையின் பிறப்பு எடை அட்டையில் 2.3 கிலோ என்றிருப்பதைப் பார்த்து எந்தத் தாயும் கலங்க வேண்டாம். ஆனால் கர்ப்பிணியின் தட்டிலிருந்து கேழ்வரகுக் களியையும் கீரையையும் குறைக்கச் சொல்வதை என்னால் பொறுக்க முடியவில்லை.