உதவித்தொகையைச் சுருக்காதீர்கள், திருத்துங்கள்
நாட்டில் வேலையின்மை 2017-18இல் 6 சதவீதம், 2023-24இல் 3.2 சதவீதம், ஆகவே வேலையில்லாதோருக்கான உதவித்தொகைத் திட்டங்களைச் சுருக்கலாம் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். ஏற்க முடியவில்லை. அப்பாவின் மளிகைக்கடையில் சம்பளமில்லாமல் பொட்டலம் மடிக்கும் பட்டதாரியையும் அந்தச் சதவீதங்களைத் தரும் அரசுக் கணக்கெடுப்பு வேலையில் இருப்பவராகத்தான் எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டு காத்திருந்தால் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். தென்காசியிலிருந்து ஒரு நேர்முகத் தேர்வுக்குச் சென்னை போய்வரவே அது போதாது. குடும்ப வருமானமும் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. வீட்டில் ஒருவர் மில் வேலைக்குப் போனாலே தாண்டிவிடும். வேலையில்லாதோர் எண்ணிக்கை குறைந்தால் நல்லதுதான், மிச்சமாகும் பணத்தில் தொகையை உயர்த்துங்கள். காத்திருப்பை ஓராண்டாக்குங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்கெனவே அப்படித்தானே இருக்கிறது!