கிராட்டம் இலையும் காசிமேட்டு முதுகுவலியும்

கிராட்டம் இலைக்கு வலியைத் தணிக்கும் ஆற்றல் உண்டு என்றே நான் நினைக்கிறேன். அந்த ஆற்றல் உண்மை என்பதால்தான், அதைப் பொடியாக்கிப் பளபளப்பான உறையில் அடைத்து 'பக்கவிளைவே இல்லாத மூலிகை' என்று விற்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. உடம்புக்குள் வேறு எதையும் தொடாமல் வலியை மட்டும் துடைத்துவிட்டுப் போகிற பொருள் உலகத்தில் கிடையாது.

நான் வடசென்னையில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் காசிமேட்டு மீனவர்கள் அதிகம். வலை இழுத்து இழுத்துத் தோள்பட்டை தேய்ந்தவர்கள், ஐஸ் பெட்டி தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், நாள் முழுக்கத் தையல் மெஷின் மிதிக்கும் பெண்கள். இவர்களிடம் ஒரு மாதம் ஓய்வெடுங்கள் என்று சொல்வது எளிது. படகு ஏறாத நாளுக்குப் பங்கு கிடையாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இப்படிப்பட்ட ஒருவரின் கைப்பேசியில் 'ஒரு ஸ்பூன் பொடி, கொஞ்சம் வெந்நீர், வலி பறந்துவிடும்' என்று ஒரு காணொளி வந்தால் அவர் விசாரிக்கத்தான் செய்வார். "இது நல்லதா அக்கா?" என்று கேட்கிறவரை, "அது போதைப்பொருள், தொடாதே" என்று ஒரே வரியில் விரட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவர் கேட்பது போதை அல்ல, நிவாரணம். அதற்கு முழுப் பதில் சொல்ல வேண்டும்.

கிராட்டம் தென்கிழக்கு ஆசியாவின் மரம். தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, பப்புவா நியூகினி ஆகிய நாடுகளில் இயல்பாக வளர்கிறது. காப்பிச் செடியும் நம் ஊர் நுணாவும் இதே குடும்பம்தான். நீர்க்கடம்பு இன்னும் நெருங்கிய உறவு, ஒரே பேரினம். அதற்காக யாரும் நீர்க்கடம்பு இலையைக் கொதிக்க வைத்துக் குடித்துவிட வேண்டாம். அதில் அறியப்பட்டுள்ளவை வேறு வகை ஆல்கலாய்டுகள், அதாவது உடம்பில் வேலை செய்யும் தாவர வேதிப்பொருள்கள்.

தென் தாய்லாந்திலும் வட மலேசியாவின் கெடா, பெர்லிஸ் பகுதிகளிலும் உடலுழைப்பாளிகள் தலைமுறை தலைமுறையாக இந்த இலையைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். நடு நரம்பைக் கிழித்துவிட்டுப் பச்சை இலையை மெல்வார்கள், அல்லது காய்ச்சிக் குடிப்பார்கள். வெயிலில் களைப்புத் தெரியாமல் வேலை செய்யவும், உடம்பு வலிக்கும், இருமலுக்கும், வயிற்றுப்போக்குக்கும், அபினியை விடுவதற்கும் அது பயன்பட்டது. ரஜூலா போன்ற கப்பல்களில் மதராஸிலிருந்து பினாங்கு போய் ரப்பர் மரம் சீவிய நம்மவர்களின் பேரப்பிள்ளைகளைக் கேட்டால், இந்த இலையைக் காய்ச்சிய நீரைக் 'கெத்தும் நீர்' என்று சொல்வார்கள். மலேசியாவில் அது விஷப் பொருள்கள் சட்டம் 1952-இன் கீழ் வருகிறது. தாய்லாந்தோ 1943-இல் கிராட்டத்தைத் தடை செய்தது. அப்போது மக்களின் உடல்நலத்தைவிட, வரி கட்டி விற்ற அபினியின் வருமானம் குறைகிறதே என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. அந்தத் தடை நீங்க 2021 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட எழுபத்தெட்டு ஆண்டுகளில், வீட்டுக் கொல்லையில் நின்ற மரத்துக்காக எத்தனை ஏழைகள் வழக்கைச் சந்தித்திருப்பார்கள்!

இலையின் முதன்மையான ஆல்கலாய்டு மிட்ராகைனின். 1921-இல் எடின்பரோவில் எலன் ஃபீல்ட் என்ற வேதியியலாளர் இதைப் பிரித்தெடுத்தார். அபினியிலிருந்து எடுக்கும் வலிமருந்தான மார்ஃபின் நம் செல்களில் எந்த ஏற்பியில், அதாவது மருந்து பொருந்தும் எந்த இடத்தில், போய் உட்காருகிறதோ அதே மியூ ஓபியாய்டு ஏற்பியில்தான் இதுவும் உட்காருகிறது, ஆனால் அதை அரைகுறையாகத்தான் தூண்டுகிறது. விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் மார்ஃபின் அளவுக்கு இது மூச்சை அடக்கவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே ஆய்வாளர்கள் இதை ஆவலோடு பார்க்கிறார்கள், அந்த ஆவல் எனக்கும் உண்டு.

மனிதர்களில் நடந்த சோதனை ஒன்று பினாங்கிலிருந்து வந்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்டது. கிராட்டம் பழக்கமுள்ள 26 ஆண்களைக் குளிர்ந்த நீருக்குள் கையை வைக்கச் சொல்லி, எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று அளந்தார்கள். கிராட்டம் குடிப்பதற்கு முன் சராசரியாக 11.2 விநாடி, குடித்து ஒரு மணி நேரம் கழித்து 24.9 விநாடி. போலி பானம் குடித்தபோது அப்படி மாற்றம் இல்லை. எனக்கு மகிழ்ச்சி தந்த முடிவு இது. ஆனால் 26 பேர், அனைவரும் ஆண்கள், அனைவரும் ஏற்கெனவே பழகியவர்கள். இதை வைத்துக்கொண்டு அறுபது வயதுப் பெண்ணின் மூட்டுவலிக்கு மருந்து எழுத முடியாது. சர்க்கரை குறையும், மனச்சோர்வு போகும் என்பவை இன்னும் பயன்படுத்தியவர்களின் வாய்மொழி அளவிலேயே நிற்கின்றன. வயிற்றுப்போக்கு நிற்பதை மட்டும் நான் சந்தேகிக்கவில்லை. ஓபியாய்டு ஏற்பியைத் தொடும் பொருள் குடலை மந்தமாக்கும். மாதக்கணக்கில் குடிப்பவர்களுக்கு மலச்சிக்கல் வருவதும் அதனால்தான்.

அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு ஆய்வை விற்பனையாளர்கள் சொல்வதில்லை. வட மலேசியாவில் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து குடித்து வந்த 293 பேரை 2014-இல் ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் கடுமையான சார்பில், அதாவது அது இல்லாமல் இருக்க முடியாத நிலையில், இருந்தார்கள். நிறுத்தினால் தூக்கம் போகிறது, மூக்கு ஒழுகுகிறது, எரிச்சல் வருகிறது, தசையும் மூட்டும் வலிக்கின்றன. என் தொழிலில் இருப்பவருக்கு இந்தக் கடைசி அறிகுறிதான் பெரிய கவலை. இடுப்புவலிக்காகப் பொடி குடிக்கத் தொடங்கியவர் நிறுத்திப் பார்க்கிறார், உடம்பெல்லாம் வலிக்கிறது. பழைய வலிதான் திரும்பிவிட்டது, பொடி இல்லாமல் நம்மால் முடியாது என்று முடிவு கட்டிவிடுகிறார். இலை உண்டாக்கிய வலியை இலையே தீர்ப்பதாக அவருக்குத் தோன்றும்.

இறப்புகளைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2016 ஜூலை முதல் 2017 டிசம்பர் வரையிலான 27,338 மரணங்களைப் பார்த்தது; எல்லாமே மருந்தோ போதைப்பொருளோ அளவுக்கு மீறியதால் நேர்ந்தவை. 152 பேரின் உடலில் கிராட்டம் இருந்தது. 91 மரணங்களில் அதுவும் ஒரு காரணம் என்று தீர்மானிக்கப்பட்டது. அவர்களில் வேறு பொருள் எதுவும் தென்படாதவர்கள் 7 பேர் மட்டுமே. கிராட்டம் கொல்லாது என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். வேறு மருந்தோடு சேரும்போது அது வேறு முகம் காட்டுகிறது. கல்லீரலில் சிஒய்பி2டி6 என்ற நொதியை மிட்ராகைனின் பலமாகத் தடுக்கிறது. நம் ஊரில் இரத்த அழுத்தத்துக்குத் தரும் மெட்டோபிரோலால், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் இரண்டையும் உடம்பிலிருந்து கழிக்கும் நொதி அது. அதைத் தடுத்தால் மருந்து உடம்பில் தேங்கும். முதுகுவலிக்கு எழுதும், ஓபியாய்டு வகையைச் சேர்ந்த டிராமடாலோடு சேர்ப்பது இன்னும் ஆபத்து. இரவில் மது அருந்திவிட்டுக் குடிப்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது.

மரத்திலிருந்து பறித்த இலையையும் கடைப் பொருளையும் ஒன்றாக்கிப் பேசுவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்று. மிட்ராகைனினைவிட வீரியமான அதன் உறவுப் பொருள் 7-ஹைட்ராக்சி மிட்ராகைனின். அது பச்சை இலையில் மிகச் சொற்பம். அதைச் செறிவூட்டி மாத்திரையாகவும் மிட்டாயாகவும் அமெரிக்காவில் விற்கத் தொடங்கினார்கள். 2025 ஜூலையில் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதைக் கட்டுப்படுத்தப் பரிந்துரைத்தது, இயற்கை இலையை அதில் சேர்க்கவில்லை. பொடியின் தூய்மைக்கும் உத்தரவாதம் கிடையாது. 2018-இல் கிராட்டம் பொருள்களால் அங்கே 41 மாநிலங்களில் 199 பேருக்கு சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவின் தொற்று வந்தது. கெடா விவசாயியின் நூறாண்டு அனுபவத்தைத் கூரியரில் வரும் பொட்டலத்தின் மீது ஒட்டி விற்க யாருக்கும் உரிமை இல்லை.

நம் சென்னையில் வலி நிவாரண மாத்திரைகளைப் போதைக்காக விற்றுப் பிடிபடும் இளைஞர்களைப் பற்றிச் செய்தி வராத வாரம் அரிது. அதே நகரத்தில் புற்றுநோய் வலியில் துடிக்கிறவருக்கு மார்ஃபின் கிடைக்கக் குடும்பத்தார் அலைகிறார்கள். 2014-இல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தி வழியை எளிதாக்கியும் இந்த நிலைமை. வலியைக் கவனிக்க ஆளில்லாத இடத்தில்தான் பொட்டலங்கள் விலைபோகும். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அரும்பாக்கத்தில் சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளில் மருந்தியல் துறைகள் இருக்கின்றன. பினாங்கில் செய்ததுபோல, போலி பானத்தோடு ஒப்பிட்டு, பெண்களையும் சேர்த்து, கல்லீரலையும் சார்பையும் அளந்து ஆராய இவர்களால் முடியும். கிராட்டத்தை மட்டுமல்ல, உழைப்பாளிகள் வலிக்காக நம்பும் நம் மூலிகைகள் ஒவ்வொன்றையும் அப்படி ஆராய வேண்டும் என்பதே என் ஆசை.

அதுவரை என்னிடம் கேட்பவர்களுக்கு, வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள். அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் மயக்க மருந்து தருபவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. தாய் எடுத்துக்கொண்ட கிராட்டத்தால், பிறந்த குழந்தை நடுக்கமும் ஓயாத அழுகையுமாகச் சிகிச்சை பெற நேர்ந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.