நிரந்தரம் என்றால் அதிகமாகாதா?

"நிரந்தர ஊனம் என்றுதானே போட்டிருக்கிறது? நிரந்தரமாக இருப்பது எப்படியம்மா அதிகமாகும்?"

செவ்வாய்க்கிழமை, ஊனத்தின் சதவீதத்தை மறுபடி அளக்கிற மறுமதிப்பீட்டு முகாமில் டாக்டர் என் அக்காவிடம் கேட்ட கேள்வி இது. மூன்று நாளாகியும் என் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. நிரந்தரம் என்றால் இனிக் குணமாகாது என்று அர்த்தம். இனி மோசமாகாது என்று எவர் சொன்னது? சரிந்த மண் தானாக மேலே ஏறாது, சரி. அடுத்த மழைக்கு அது இன்னும் கொஞ்சம் சரியாதா? நீலகிரியில் உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா?

அக்காவுக்கு இரண்டு வயதில் போலியோ. இடது கால். சான்றிதழில் 60 சதவீதம். அந்தக் காலை வைத்துக்கொண்டு யாரிடமும் பத்துப் பைசா கேட்காமல், வலது காலால் தையல் மிஷினை மிதித்தே 26 வருடம் பிழைத்தாள். கோத்தகிரிப் பக்கத்தில் அவள் தைத்த யூனிபார்ம் போட்டுப் படித்த பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள். இரண்டு வருடமாக அந்த வலது காலும் விழுகிறது. காலையில் மிதிப்பலகை இறங்குகிறது. மூன்று மணிக்கு மேல் இரண்டு கையாலும் முட்டியை அழுத்தினால்தான் இறங்குகிறது. டிசம்பர் குளிரில் பாதம் நீலம் பாரித்துவிடுகிறது.

கோயம்புத்தூரில் நரம்பு டாக்டர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். போலியோ கொன்ற நரம்புச் செல்கள் போக மிச்சம் பிழைத்தவை புதுக் கிளை விட்டு, அநாதையான தசைகளையும் சேர்த்து இழுக்கின்றன. பல பத்தாண்டுகள் இரட்டை வேலை பார்த்துவிட்டு அவையும் ஓய்ந்துபோகின்றன. நல்ல கால் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த காலிலும் இது வரும். இத்தனையையும் இரண்டு பக்கக் கடிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கடைசியாக வந்தது 2011 ஜனவரியில். முகாமில் உட்கார்ந்திருந்த டாக்டர் இளைஞர், இப்படி ஒரு நோயாளியைப் பார்க்காமலேயே படித்து முடித்திருக்கலாம். அது அவர் குற்றமில்லை. ஆனால் கடிதம் கையில் இருக்கிறதே, படிக்கலாமே! முதல் பக்கத்தின் தலைப்பைப் பார்த்தார், பழைய சான்றிதழுக்கு அடியில் சொருகினார், "நடந்து காட்டுங்கள்" என்றார்.

அந்த நடையைத்தான் நான் மறக்க முடியாமல் தவிக்கிறேன்.

பள்ளிக்கூட வகுப்பறை. பெஞ்சுகளை ஓரம் தள்ளியிருந்தார்கள். வழவழவென்று சிமென்ட் தரை. வாசலிலிருந்து கரும்பலகை வரை நடக்க வேண்டும். வீட்டில் அக்கா நடக்கும்போது இடது கையால் தொடையை ஊன்றிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பாள். ஆனால் யாராவது பார்த்தால் கையை எடுத்துவிடுவாள். "நிமிர்ந்து நடடி" என்று அம்மா சிறு வயதிலிருந்தே சொல்லி வளர்த்த பழக்கம். அன்றைக்கு அறை முழுக்க ஆட்கள். அக்கா புடவைக் கொசுவத்தைச் சரி செய்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கையைத் தொடையிலிருந்து எடுத்தாள். நடந்தாள். பதினோரு அடி. நான் எண்ணினேன். எட்டாவது அடியில் வலது முட்டி மடங்கியது. அவள் சமாளித்தாள். பதினோராவது அடியில் கரும்பலகைக்குக் கீழே இருந்த மரச்சட்டத்தை எட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. முட்டி மடங்கிய நேரத்தில் அந்த மனிதர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தபோது அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"நன்றாகத்தானே நடக்கிறீர்கள்."

பிறகு காலை நீட்டச் சொல்லி ஒருமுறை கையால் அழுத்திப் பார்த்தார். தசை பலத்துக்கு பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண் உண்டு. ஒரே ஒரு அழுத்தலுக்கு அக்காவின் கால் ஈடு கொடுத்தது. பத்தாவது அழுத்தலுக்கு என்ன ஆகும் என்று பார்த்தாரா? அவர் அளந்தது காலை பத்தரை மணிக் கால். மாலை ஐந்து மணிக்கு அது வேறு கால். அந்தக் காலை அவர் பார்க்கவே இல்லை.

அதுவும் சமதரையில்! எங்கள் ஊரில் சமதரை என்றால் பஸ் திரும்புகிற இடம் மட்டும்தான். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு 47 படி இறங்க வேண்டும். முகாமுக்குப் போன அன்று விடிகாலைப் பனியில், வழுக்குகிற படியில், அக்காவை முதுகில் சுமந்துதான் நான் மேலே ஏறினேன். அந்த 47 படிக்குப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

60 என்பது 60 ஆகவே நின்றுவிட்டது. 75 சதவீதம் இருந்தால்தான் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்று மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. 1,500 ஆக இருந்ததை 2023 ஜனவரியிலிருந்து உயர்த்தினார்கள். 26 வருடம் கேட்காதவள் இப்போதுதான் கேட்கிறாள். முடிந்தவரை சமாளித்து நடந்ததற்குத் தண்டனையா இது? படுத்தே கிடந்திருந்தால் நம்பியிருப்பார்களா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59-ஆவது பிரிவில் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. செய்யத்தான் போகிறேன், விடமாட்டேன். ஆனால் அதற்கும் அவளை மறுபடி சுமந்துகொண்டு போய், இன்னொரு அறையில், இன்னொருவர் முன்னால் நிறுத்த வேண்டுமே!

அந்தப் பதினோரு அடிக்காக அக்கா இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. நேற்று ராத்திரி தவிட்டு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். "தம்பி, நான் ஏன்டா கையை எடுத்துவிட்டு நடந்தேன்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அம்மா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்" என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தோம்.

அந்தப் படிக்கட்டுக்குக் கைப்பிடிக் கம்பி போட வந்தார்களே, அதையும் கேட்டுவிடுகிறேன். மேலிருந்து இருபது படிக்குப் போட்டுவிட்டு நிறுத்திவிட்டார்கள். மீதிக் கம்பி மூன்று வருடமாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கிறது. எங்கள் வீடு கீழே இருக்கிறது.