இனிஷியல் ஒன்று, ஆள் இரண்டு

புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். போன வாரம் ஒரு சாயங்காலம் செந்தில் (உண்மைப் பெயர் இல்லை) லேப்டாப்போடு வந்தான். இங்கே பிஎஸ்சி படித்த பையன். இப்போது கோட்பாட்டு இயற்பியலில் பிஎச்டி முடித்து வேலைக்கு அலைகிறான்.

"சார், என் கூகுள் ஸ்காலர் பக்கத்தைப் பாருங்க. நான் எழுதாததெல்லாம் இருக்கு."

யார் என்ன ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று காட்டும் கூகுளின் தளம் அது. கருந்துளை பற்றி அவன் எழுதிய 11 கட்டுரைகளுக்கு நடுவே வாய்ப்புற்றுநோய், மார்பகப் புற்றுநோய், கீமோ மருந்து என்று அறுபதுக்கு மேல் கிடந்தன. எல்லாம் அதே பெயரும் இனிஷியலும் கொண்ட ஒரு டாக்டருடையவை. புதுக் கட்டுரைகளைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும் வசதி ஒன்று அதில் உண்டு. இவன் அதை அணைக்காமல் விட்டிருக்கிறான். குடும்பப் பெயர் வைத்திருப்பவர்களுக்கே இந்தக் குழப்பம் வருகிறது. அப்பா பெயரின் முதல் எழுத்தை மட்டும் சுமக்கிற நமக்குக் கேட்கவா வேண்டும்!

அவன் ஓடி வந்ததற்குக் காரணம் வேறு. அத்தைக்கு ஜிப்மரில் கேன்சர் சிகிச்சை நடக்கிறது. இந்தப் பக்கத்தை யாரோ காட்டியிருக்கிறார்கள். "மாப்ளே, நீ கேன்சருக்கும் எழுதுறியாமே, இந்த மருந்து சரியான்னு பாரு" என்று மாமா ஃபைலோடு வந்து நின்றாராம். அதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கிவிட்டது.

ஒவ்வொன்றாக டிக் போட்டு நீக்கினோம். முடிந்தபோது எச் இன்டெக்ஸ் 23-லிருந்து 5-க்கு வந்திருந்தது. ஐந்து கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது ஐந்து முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம். திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை ஒரு இன்டர்வியூ. எந்த நிறுவனம் என்பது வேண்டாம். மேசையில் ஒரு பட்டியல். புற்றுநோய் உயிரியலில் ஆராய்ச்சி செய்தவர்களும் இவனும் அதில் ஒன்றாக, எச் இன்டெக்ஸ் வரிசைப்படி. இவன் கடைசி. "அஞ்சுதானா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கட்டுரையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. மேற்கோள் எண்ணிக்கை எடுத்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று, அதனால் சொல்கிறேன். புற்றுநோய் ஆய்வில் ஆட்கள் ஏராளம், கட்டுரைகள் ஏராளம், ஒவ்வொன்றின் கடைசியிலும் நீண்ட மேற்கோள் பட்டியல். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் இதழ் ஒன்றின் இம்பேக்ட் ஃபேக்டர், அதாவது அதில் வரும் ஒரு கட்டுரை சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகிறது என்ற எண், 200-க்கு மேல். அமெரிக்காவின் புற்றுநோய்ப் புள்ளிவிவரம் வருஷாவருஷம் அதில்தான் வருகிறது. இந்தத் துறையில் எழுதுகிறவர்கள் முதல் பத்தியிலேயே அதை மேற்கோள் காட்டிவிடுகிறார்கள். இயற்பியலில் பெரிய கௌரவமாக நினைக்கும் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸுக்கு 10கூட இல்லை. அதற்காக அந்த இதழ் மட்டம் என்று சொல்ல முடியுமா? எச் இன்டெக்ஸை 2005-இல் முன்வைத்த ஹோர்ஹே ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர். உயிரியல் துறைகளில் இந்த எண் கூடுதலாக இருக்கும் என்று அதே கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார். எண்ணை எடுத்துக்கொண்டவர்கள் அந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள்.

இரண்டு வைன்பெர்க்குகள் நினைவுக்கு வருகிறார்கள். ராபர்ட் வைன்பெர்க் புற்றுநோய்க்காரர். டக்ளஸ் ஹனஹனோடு சேர்ந்து புற்றுநோயின் அடையாளங்கள் பற்றி 2000-இல் எழுதிய கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஸ்டீவன் வைன்பெர்க் இயற்பியல்காரர். மின்காந்த விசையையும் அணுக்கருவுக்குள் நடக்கும் வலுவற்ற விசையையும் ஒன்றாக்கும் கோட்பாட்டைப் பற்றி 1967-இல் அவர் எழுதியது மூன்றே பக்கம். நாலு வருஷம் அதை ஏறக்குறைய யாருமே சீண்டவில்லை. 1971-இல் ஹெரார்ட் தூஃப்ட் என்ற டச்சு இயற்பியலாளர், இந்த வகைக் கோட்பாடுகளில் கணக்குப் போட்டால் விடை முடிவிலியாகப் போகாமல் ஒழுங்காக வரும் என்று காட்டிய பிறகுதான் உலகமே அதைத் திறந்து பார்த்தது. 1979-இல் நோபல் வந்தது. நடுவில் 1970-இல் இந்த மேசைக்கு முன்னால் அவர் அந்தக் கட்டுரையோடு வந்திருந்தால் என்ன மதிப்பெண் போட்டிருப்பார்கள்?

தேர்வுக் குழுவில் உட்காருகிறவர்களிடம் கேட்கிறேன். எண்ணைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தந்தத் துறை ஆளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கட்டுரையையாவது படித்துவிட்டு, அந்தத் துறை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள்வி கேளுங்கள். பத்து வருஷம் ஒரு பையன் படித்திருக்கிறான், அரை மணி நேரம் தரக்கூடாதா?

செந்திலுக்கு ஆர்கிட் (ORCID) எண் வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு ஆராய்ச்சியாளருக்கும் தனித்தனியாகத் தரும் அடையாள எண் அது. பதினாறு இலக்கம், இனி இனிஷியல் குழப்பம் குறையும். அப்புறம் அந்த டாக்டரின் பக்கத்தையும் தேடிப் பார்த்தோம். செந்திலின் கருந்துளைக் கட்டுரைகள் மூன்று அங்கே இருந்தன. நேற்று இரவு அவருக்கு மெயில் போட்டிருக்கிறான்.